“அம்மா, பெற்றோர் கையெழுத்து எங்கே?” – வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் என்னைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது. நீடாமங்கலத்தில் மருந்துக் கடையில் வேலை பார்த்தவள், 37 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்து இப்போது இறுதியாண்டு படிக்கிறாள் என்ற விவரம். படத்தில் வெள்ளைக் கோட்டு கசங்கியிருந்தது என்று என் மாமியாருக்கு இன்னும் ஆறவில்லை. அதற்கு வந்த கடிதங்களை ஒரு துணிப்பையில் போட்டு அனுப்பி, “நீங்களே பதில் எழுதிவிடுங்கள்” என்றார் ஆசிரியர். எல்லாவற்றுக்கும் முடியவில்லை. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன்.

எந்தக் கல்லூரி என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நீடாமங்கலம் ஜங்ஷனில் நின்றால் மேற்கே தஞ்சாவூர், கிழக்கே திருவாரூர். இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. ஏதோ ஒரு பக்கம் வண்டி ஏறுகிறேன், அதோடு விடுங்கள்.

எனக்கு 36 வயது. தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நீட் எழுத வயது வரம்பு இருக்கிறதா? வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

மேல் வரம்பு இல்லைம்மா. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான். முன்னால் பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று இருந்தது. அதன்மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. நான் 2021-ல் முதல் தடவை எழுதியபோது, ‘தீர்ப்பு எப்படி வருகிறதோ அதற்குக் கட்டுப்பட்டு’ எழுதுகிற கும்பலில் ஒருத்தி. 720-க்கு 198 வந்தது. வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. 2022 ஜூலையில் இரண்டாம் தடவை, 361.

2025-ல் தென்காசியைச் சேர்ந்த 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவர், மாற்றுத்திறனாளிகள் பிரிவில், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கினார். அவர் மகளும் அதே ஆண்டு நீட் எழுதித் தேறியவர். அதனால் 36 ஒன்றும் அதிசயம் இல்லை.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவென்றால் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவென்றால் 40 சதவீதம் இருக்கிறதா? அடுத்து, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தீர்களா? ஆம் என்றால் 2020-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் வரலாம். படிப்புச் செலவையும் அரசே ஏற்கும். நான் அப்படித்தான் வந்தேன். நடவு வேலைக்குப் போன அம்மா, அரசுப் பள்ளி, தமிழ் வழி. என் 361-ஐ வைத்துப் பொதுப் போட்டியில் வாசற்படி ஏறியிருக்க முடியாது. இதைப் பற்றி ஒரு பெரியவர் கோபமாகக் கேட்டிருக்கிறார், அவருக்குக் கீழே பதில் சொல்கிறேன்.

வேலையை விடாதீர்கள். கையில் அலாட்மென்ட் ஆர்டர் வரும்வரை நான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை கடைத்தெருவே தூங்கும், அந்த இரண்டு மணி நேரம்தான் என் கோச்சிங் சென்டர்.

அப்புறம் ஒன்று. சேரும்போது ராகிங் செய்ய மாட்டேன் என்று ஒரு உறுதிமொழிப் படிவம் தருவார்கள். மாணவர் ஒரு கையெழுத்து, பெற்றோர் ஒரு கையெழுத்து. நான் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்தவர், “அம்மா, பெற்றோர் கையெழுத்து எங்கே? நீங்க மாணவர் இடத்துல போட்டுட்டீங்க” என்றார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது. கடைசியில் 68 வயது அப்பா, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, 37 வயது மகள் சின்னப் பிள்ளைகளைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்து வயது மகன் பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான்.

பிளஸ் டூவில் வணிகவியல் படித்தேன். ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. டாக்டராக வழி உண்டா? அப்பா நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்கிறார்.
– வாசகர், கும்பகோணம்

வழி இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிறகும், அங்கீகரிக்கப்பட்ட கல்வி வாரியத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியலை ஆங்கிலத்தோடு கூடுதல் பாடங்களாக எழுதித் தேறினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று 2023 நவம்பரில் மருத்துவ ஆணையம் அறிவித்தது. ஆக, பிளஸ் டூ அறிவியலை முதலிலிருந்து படிக்க வேண்டும், அதன் பிறகு நீட், பிறகு நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் கட்டாய மருத்துவமனைப் பயிற்சி. எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தாலே உங்களுக்கு 42, 43 ஆகிவிடும்.

இதெல்லாம் கணக்கு எழுதுகிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நிலம் என்றீர்களே, அங்கேதான் எனக்குப் பயம். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுக்குப் பல லட்சம். நாலு மா, அஞ்சு மா நிலம் முதல் வருடத்திலேயே கரைந்துவிடும். வெளிநாட்டில் மலிவு என்று ஏஜென்ட் சொல்வார். அதற்கும் நீட் தேற வேண்டும், படிப்பு குறைந்தது 54 மாதம், அங்கே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இங்கே ஒரு தகுதித் தேர்வு, மறுபடி 12 மாதப் பயிற்சி. இதை ஏஜென்ட் கடைசியில்தான் சொல்வார்.

நிலத்தைத் தொடாதீர்கள். ஒரு வருடம் பாடப் புத்தகத்தை மட்டும் வாங்கிப் படித்துப் பாருங்கள். இயற்பியல் கணக்கு போடும்போது தூக்கம் வராமல் இருந்தால் மேலே பேசலாம்.

மாதச் சம்பளம், குடும்பம், பிள்ளைகள் எல்லாம் இருக்கும்போது எது உங்களை இதில் தள்ளியது? கட்டுரையில் அதைச் சொல்லவே இல்லையே?
– வாசகி, மயிலாடுதுறை

கேட்டார்கள், நான்தான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

2019, புரட்டாசி மாதம். ராத்திரி மழை பெய்து கரண்ட் இல்லாமல் கிடந்த விடிகாலை. ஆறரை மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் ஒருவர் வந்தார், முன்னால் பதினோரு வயதுப் பையன், தலையை ஹேண்டில்பாரில் சாய்த்தபடி. “விடியறதுக்கு முன்னாடியிலேருந்து வயித்துவலிம்மா, ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான். ராத்திரி பரோட்டா தின்னான்” என்றார். பன்னிரண்டு வருடமாக இதே கவுன்ட்டர். பரோட்டா, வயிற்றுவலி, வாந்தி என்று கேட்டதுமே கை தானாக அலமாரிக்குப் போகும். வலிக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று, உப்புச் சர்க்கரைப் பொடி ஒரு பாக்கெட்.

பையன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். இமை பாதிக்கு மேல் தூக்கவில்லை. “அக்கா, நீங்க ரெண்டு ரெண்டா தெரியிறீங்க” என்றான். “தூக்கம் போகலடா உனக்கு” என்று சிரித்தேன். 38 ரூபாய். சில்லறை இல்லாமல் இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் கொடுத்தேன்.

அவனைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. ராத்திரி புழுக்கத்துக்குத் திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறான். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல் பட்ட இடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். பிறகு இமை இறங்கும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சு விடுகிற தசைகள் நின்றுபோகும். என் கண் முன்னாலேயே பாதி நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் மாத்திரையை விழுங்க முடியாமல் அவன் திணறியபோது அப்பாவுக்குப் பயம் வந்து 108-ஐக் கூப்பிட்டிருக்கிறார். விஷமுறிவு மருந்து, வென்டிலேட்டர், எட்டு நாள். பிழைத்துவிட்டான்.

நாலாம் நாள் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போனேன். பையனின் அம்மா என்னிடம், “நீ என்னம்மா பண்ணுவ” என்றார். அது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், 23 வயது இருக்கும், காலில் ரப்பர் செருப்பு, நின்றபடியே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. “நம்ம ஏரியாவுல விடிகாலை வயித்துவலின்னு வந்தா முதல்ல இமையைப் பார்க்கணும் அக்கா” என்றாள். அவ்வளவுதான். அடுத்த பெட்டுக்குப் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல், நான் பன்னிரண்டு வருடம் ஊரில் பாதிப் பேரிடம் ‘டாக்டரம்மா’ என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதென்பதும் எனக்குத் தெரியும். எல்லோரும் கொடுக்கிறார்கள் என்பது ஒரு சமாதானமா? அன்றைக்கு ராத்திரிதான் பரணிலிருந்து பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தை இறக்கினேன்.

அந்தப் பையன் இப்போது பாலிடெக்னிக் படிக்கிறான். கடைத்தெருவில் பார்த்தால், “அக்கா, இப்ப ஒண்ணா தெரியிறீங்க” என்பான்.

நீங்கள் பிடித்துக்கொண்ட இடம் ஓர் ஏழைப் பதினெட்டு வயதுப் பிள்ளையுடையது. அது நியாயமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருத்துறைப்பூண்டி

ஐயா, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன், கடைசியில்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நடுவில் ஐந்து நாள்.

நீங்கள் கேட்பதற்கு முன்பே ஒருவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். 2022 ஜனவரியில், தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர், இதே 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வரைக்கும் வந்தார். இடம் கிடைக்கிற நிலையில், இளம் பிள்ளை யாராவது படிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டார். அந்தச் செய்தியைக் கத்தரித்து என் இயற்பியல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அடுத்த ஆறு மாதம் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் அவர் முகம். ஆக, எதுவும் தெரியாமல் வந்தவள் இல்லை நான்.

சென்னையில் நேரடிக் கலந்தாய்வு. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், பள்ளிச் சீருடைத் துணியிலேயே தைத்த சுடிதார். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தது. என்னைவிட இருபது சொச்சம் ராங்க் பின்னால். “ஆன்ட்டி, உங்க பொண்ணு எங்கே?” என்று கேட்டது. நான்தான் என்றேன். அது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குக் கிடைக்குமா ஆன்ட்டி?” என்றது. அதற்கு இடம் கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வந்து நின்று பார்த்துக் கேட்டிருக்கலாம். தைரியம் வரவில்லை.

நியாயம் என்று வாதாட மாட்டேன். கணக்கு மட்டும் சொல்கிறேன். எனக்குப் பயிற்சி முடியும்போது 43. அரசு மருத்துவர் ஓய்வு பெறுவது 60-ல். அரசுப் பணி கிடைத்தால் 17 வருடம். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருந்தால் 36 வருடத்துக்கு மேல். பாதிகூட இல்லை. இந்தக் கணக்கை யாரும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை. நானே ரயில் டிக்கெட் பின்னால் போட்டுப் பார்த்தது.

அதனால் சில முடிவுகள் எடுத்தேன். முதுகலைப் படிப்புக்குப் போகப்போவதில்லை, அதற்கு ஒரு மூன்று வருடம் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் விண்ணப்பம். அரசுப் பணித் தேர்வில் வயது விதி பிரிவுக்குப் பிரிவு மாறுகிறது. எனக்கு இடமிருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே பார்த்துக்கொண்டேன். என்னைப் போல 7.5-ல் வர நினைக்கிற அண்ணன் அக்காமார்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: 60-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிச்சம் பத்து வருடம்கூட வரவில்லை என்றால், தர்மபுரிக்காரர் செய்ததே சரி.

உங்களுக்கு இது போதாமல் இருக்கலாம், ஐயா. எனக்கும் சில நாள் போதவில்லை.

இந்த வயதில் மனப்பாடம் ஏறுகிறதா? ஆங்கிலத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
– சீர்காழி, ஒரத்தநாடு, பாபநாசம் வாசகர்கள்

ஏறுகிறது, மெதுவாக. கைக்குப் போகிற நரம்புப் பின்னலைப் பக்கத்து பெஞ்சு பையன் ஒரு மணி நேரத்தில் வரைந்தான். எனக்கு மூன்று சாயங்காலம். தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதி, சமையல்கட்டில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவேன். ஒரு நாள் மாமியார் ராகுகாலம் பார்க்கத் திருப்பிவிட்டு, “இதென்ன எலும்புக்கூடு” என்று கத்தினார். ‘பேத்தி எடுக்கப்போற வயசுல புஸ்தகப் பை’ என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான். இன்றைக்குப் பரீட்சை நாளில் எனக்கு மாவாட்டித் தருகிறவரும் அவர்தான்.

மருந்தியல் எனக்குச் சுலபம் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். கடையில் எனக்குத் தெரிந்தது கம்பெனிப் பெயரும் அட்டையின் நிறமும். பரீட்சையில் கேட்பது மருந்தின் பெயர், அது உடம்பில் எங்கே போய் என்ன செய்கிறது என்று. முதல் இன்டர்னலில் பெயில். ஆங்கிலம் தடுக்கத்தான் செய்தது. பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள். பதிலுக்கு நான் டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

கடினமாக இருந்தது பாடம் இல்லை. முதல் நாள் உடற்கூறியல் கூடத்தில் எங்கள் மேசையில் கிடந்த உடலின் குதிகால். சேற்றில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த பித்தவெடிப்பு. அம்மாவின் காலும் அப்படித்தான் இருக்கும். பிள்ளைகளெல்லாம் முகத்தைப் பார்க்கப் பயந்தார்கள், எனக்குக் காலைப் பார்க்க முடியவில்லை.

உலகத்தில் வேறு யாராவது இப்படி உண்டா என்றும் கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்றொருவர். முதலில் நர்ஸ், முதுகுவலியால் அதை விட்டு, மருத்துவமனையில் சமூகப் பணியாளர். 33 வயதில் மருத்துவம் படிக்கத் தொடங்கி 1957-ல் டாக்டர் ஆனார். சாகும் தறுவாயில் இருப்பவர்களின் வலியைக் குறைக்கவென்று 1967-ல் லண்டனில் அவர் திறந்த இல்லத்தைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களில் தொடங்கினார்கள். வார்டில் நர்ஸாக நின்றதால்தான் அது அவருக்குத் தோன்றியது என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். கெண்டைக்கால் தொடவிடாமல் வலிக்கிறது, கண் சிவந்திருக்கிறது. குறுவை அறுப்புக்குப் போய் வந்ததிலிருந்து இப்படி. என்ன மாத்திரை கொடுக்கலாம்?
– வாசகர், வலங்கைமான்

இந்தக் கடிதம் அச்சாகி உங்கள் கைக்கு வர மூன்று வாரம் ஆகும் என்பதால், ஆசிரியரிடம் எண் வாங்கி அன்றைக்கே உங்களைக் கூப்பிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். எலி சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் காலில் வெடிப்போடு நின்றால் எலிக் காய்ச்சல் வரலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் மறுநாள் வரை பார்க்கலாம் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் வரைக்கும் போகும். மருத்துவமனையில் “சேத்துல நின்ன வேலை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

போனில் நான் இதைச் சொல்லி முடித்ததும் நீங்கள், “சரிங்க டாக்டர், கடைசி பஸ் போயிடுச்சு. காலையில கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் ஒரு மாத்திரை பேரு சொல்லுங்களேன்” என்றீர்கள்.

நான் இன்னும் டாக்டர் இல்லை, தம்பி. 108-ஐக் கூப்பிடுங்கள் என்றேன்.